கிணற்றுக்கு மேற்கு, மதிலுக்குக் கிழக்கு

1983-ல் ஒரு வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். மூலப் பத்திரத்தின் சக்குபந்தி விவரத்தில் "உலாந்தாக்காரன் மதிலுக்குக் கிழக்கு" என்று இருந்தது. அப்படி ஒரு மதிலை நான் பார்த்ததில்லை. விற்க வந்திருந்த பெரியவரிடம், "அந்த மதில் எங்கே இருக்குதுங்க?" என்று கேட்டேன். "எங்க தாத்தாவே பார்த்ததில்ல. பத்திரத்துல இருக்குல்ல, எழுதுங்க தம்பி" என்றார். எழுதினேன். அவர் பதிவை முடித்துக்கொண்டு போய்விட்டார். மதில் என்னிடம் தங்கிவிட்டது.

நாகப்பட்டினத்தில் முப்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கல்லூரியில் வரலாறு படித்ததில்லை. எங்கள் ஊரைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது. தங்கள் ஊரைப் பற்றி எழுத ஆசைப்படும் சிலர் அவ்வப்போது வந்து, எங்கே ஆரம்பிப்பது, என்ன படிப்பது என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தொழில் வழியாகத் தெரிந்ததுதான். அதைச் சொல்கிறேன். நான் செய்த தப்புகளும் அதில் வரும்.

சக்குபந்தி என்பது நான்கெல்லை. இன்னார் வீட்டுக்கு வடக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, சந்துக்கு மேற்கு, குளத்துக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள மனை என்று எழுதுவோம். பத்திரத்தில் மற்ற இடங்களில் மனிதர்கள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். கைமாறிய பணத்தைக் குறைத்துச் சொல்வார்கள், சொத்து வந்த வழியை அழகுபடுத்துவார்கள். எல்லையில் மட்டும் பொய் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பக்கத்து வீட்டுக்காரன் மறுநாளே வாசலில் வந்து நிற்பான். அதனால் ஊரைப் பற்றி யாருக்கும் லாபமில்லாத, யாரும் அலங்கரிக்காத செய்தி அந்த நான்கு வரியில்தான் கிடக்கிறது. தூர்ந்துபோன குளம், பெயர் மாறிய தெரு, செக்கு ஓடிய இடம், உப்புக் கிடங்கு எல்லாம் எனக்கு அங்கேதான் கிடைத்தன.

கட்சிக்காரர் சம்மதம் கேட்டு எல்லை வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். பெயர், தொகை எதையும் எடுப்பதில்லை. பத்து வருடத்தில் மூன்று நோட்டு நிறைந்தது. அப்புறம்தான் புத்தகங்களைத் தேடிப் போனேன். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்கள் நாகையைப் பிடித்தார்கள், 1690-ல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலத் தலைமையிடத்தை இங்கே மாற்றினார்கள், 1781-ல் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். உலாந்தாக்காரன் என்றால் ஹாலந்துக்காரன், அதாவது டச்சுக்காரன். என் மதிலுக்கு ஆள் கிடைத்துவிட்டது. முதலில் புத்தகம் படித்திருந்தால் இந்தச் சந்தோஷம் இருந்திருக்காது. கேள்வி முதலில் வரவேண்டும், புத்தகம் பிறகு என்பது என் கட்சி. படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் எல்லை வரியிலும் ஒரு வழுக்கல் உண்டு. என்னைப் போன்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே பெயர்த்து எழுதுவோம். யாரும் பார்த்திராத மதிலை 1983-ல் நானே உயிரோடு வைத்தேன் அல்லவா? ஆகவே ஒரு பத்திரத்தில் ஒரு குளம் இருக்கிறது என்பதற்காக அந்த வருடம் அந்தக் குளம் இருந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிடைத்ததில் ஆகப் பழைய பத்திரம் எதுவோ, அந்தத் தேதிக்கு முன்பே குளம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லலாம். எப்போது போனது என்பதைப் பத்திரம் சொல்லாது.

பழைய பத்திரம் படிக்க விரும்புகிறவர்கள் முதலில் குறிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி, ௹ ரூபாய். தமிழ் எண்களும், மா, காணி, முந்திரி என்ற பின்னங்களும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேலிக்கு இருபது மா. இதெல்லாம் ஒரு வாரத்து வேலை. கையெழுத்துக்குப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆகும், ஏனென்றால் பழைய எழுத்தர்கள் புள்ளி வைக்க மாட்டார்கள், வார்த்தைக்கு நடுவே இடம் விட மாட்டார்கள். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் பிடிபடும்.

வருடக் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கும். வருவாய்த் துறைக் காகிதங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் ஆங்கில வருடம். ஆனால் அது ஜூலை 1-ல் தொடங்கி அடுத்த ஜூன் வரை போகிறது. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. சக வருடத்தோடு 78 கூட்ட வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் போனால் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு 825, சில மாதங்களுக்கு 824. இவையெல்லாம் நேர்க்கோட்டில் போகிற கணக்குகள். பிரபவ, விபவ என்று வருகிற அறுபது வருடச் சக்கரம் அப்படியில்லை. அது திரும்பத் திரும்ப வரும். பிரபவ என்றால் 1867, 1927, 1987. எந்தப் பிரபவ என்று அந்தப் பெயர் சொல்லாது.

இதை எழுதத் தெரிந்த நான்தான் இதிலேயே விழுந்தேன்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பழைய பொதுக்கிணறு உண்டு. கைப்பிடிச் சுவரில் ஒரு கல் பதித்திருந்தது. சுண்ணாம்பு அப்பிப் பகலில் ஒன்றும் தெரியாது. கல்லின் மேல் மாவு தடவுவது, எண்ணெய் தடவுவது, கம்பியால் சுரண்டுவது எல்லாம் பாவம். இருட்டியபின் போய், டார்ச்சைக் கல்லுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். நான்கு பக்கத்திலிருந்தும் அப்படிப் பிடித்து நான்கு படம் எடுங்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் 'ர' மாதிரித் தெரிவது அடுத்த பக்கத்தில் 'ா' ஆகிவிடும். நான் அப்படித்தான் வாசித்தேன்: "பிரமோதூத வருஷம் ஆவணி மாதம்", தர்மத்துக்கு வெட்டியது, ஒரு வியாபாரியின் பெயர். அவ்வளவுதான்.

பிரமோதூத என்றால் 1870. என் மனதில் உடனே ஒரு கதை ஓடியது. நாகைக்கும் தஞ்சைக்கும் இடையில் 1861-ல் ரயில் வந்தது. மறு வருடம் திருச்சி வரை நீண்டது. ரயில்வே பட்டறை இங்கே இருந்தது, அது பொன்மலைக்குப் போனதெல்லாம் 1920-களில். ஆக, ரயில் வந்ததும் கூலியாட்களும் பயணிகளும் குவிந்திருப்பார்கள், தண்ணீர்த் தட்டுப்பாடு வந்திருக்கும், ஒரு தர்மவான் ஸ்டேஷன் வழியில் கிணறு வெட்டியிருப்பார். எவ்வளவு பொருத்தம்! முதல் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இதை எழுதினேன். வெயிலில் நடந்து வரும் கூலியாள் குனிந்து தண்ணீர் குடிப்பதைக்கூட வர்ணித்திருந்தேன். படித்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள்.

புத்தகம் 2011-ல் வந்தது. அடுத்த வருடம் ஒரு இளைஞர் என்னைத் தேடி வந்தார். ரயில்வேயில் வேலை பார்ப்பவர். பிளாஸ்டிக் உறையில் ஒரு பழைய முத்திரைத் தாள் வைத்திருந்தார். "ஐயா, உங்க புத்தகத்துல எங்க தெரு வருதுன்னு வாங்குனேன். எங்க வீட்டுப் பத்திரம் இது. ஒருதரம் பார்த்துடுங்க" என்றார். பார்த்தேன். தேதி 1853. மேலெல்லையில், "தர்மக் கிணற்றுக்குக் கிழக்கு".

1870-ல் வெட்டிய கிணறு 1853-ல் எப்படி எல்லை காட்டும்? வேறு கிணறாக இருக்குமோ என்று இரண்டு நாள் அந்தத் தெருவில் அலைந்தேன். புல எண், புலப்படம் எல்லாம் வைத்துப் பார்த்தேன். அதே கிணறுதான். அறுபதைக் கழித்தால் 1810. ரயிலே இந்த நாட்டுக்கு வராத காலம். என் கூலியாள், அவன் தாகம், வெயில் எல்லாம் போயிற்று.

எனக்கு வலித்தது தேதி தப்பானதால் அல்ல. முப்பது வருடம் எல்லை எழுதியவன், பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் கேட்கத் தோன்றாமல், கல்லை மட்டும் பார்த்துக் கதை கட்டினேனே என்பதுதான். கதை அழகாக இருந்ததால் சோதிக்கத் தோன்றவில்லை. இப்போதும் ஒரு செய்தி மற்றொன்றோடு சட்டென்று பொருந்திக்கொண்டால் எனக்குப் பயம் வந்துவிடுகிறது.

அதன்பிறகு எந்தச் செய்தியையும் நோட்டில் எழுதும்போது அதற்குச் சக்குபந்தி போடுகிறேன். பக்கத்தின் நடுவில் செய்தி. மேலே, இது இதற்கு முன் நடந்திருக்க முடியாது என்பதற்கு என்ன சாட்சி. கீழே, இதற்குப் பின் நடந்திருக்க முடியாது என்பதற்கு என்ன சாட்சி. இடப்பக்கம், யார் சொன்னார், அவருக்கு இதில் என்ன சம்பந்தம். வலப்பக்கம், யார் மறுக்கிறார். நான்கில் இரண்டு காலியாக இருந்தால் அச்சுக்குப் போகாது. இதைக் கேட்டு ஒரு கல்லூரி ஆசிரியர் சிரித்தார். சிரித்துவிட்டுத் தன் மாணவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாம் பதிப்பில் அந்த ஒன்றரைப் பக்கம் மூன்று வரியானது. 1810 என்று திருத்தி, முதல் பதிப்பில் தவறாகச் சொன்னதையும், திருத்தியவர் ஒரு வாசகர் என்பதையும் அங்கேயே எழுதினேன். அந்தக் காலத்தில் தஞ்சை ஜில்லாவுக்குத் தலைமையிடமே நாகைதான், கலெக்டர் கச்சேரிக்கு வந்தவர்களுக்காக வெட்டியிருக்கலாமே என்று ஒரு நண்பர் எடுத்துக் கொடுத்தார். வேண்டாம் சாமி என்றேன்.

காகிதத்தைவிட மனிதர்களிடம் கேட்டு எழுதுவது கடினம். "எந்த வருஷம்?" என்று கேட்டால் வயதானவர்கள் உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது ஒரு வருடம் சொல்வார்கள். அதற்கு மதிப்பே இல்லை. எங்கள் ஊரில் கப்பல்தான் கடிகாரம். இங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. "எந்தக் கப்பலில் போனீங்க?" என்று கேட்பேன். ரஜூலா என்றால் 1970-களின் தொடக்கத்துக்கு முன்பு. சிதம்பரம் என்றால் அதற்குப் பிறகு. அந்தக் கப்பல் 1985-ல் தீப்பிடித்ததோடு அந்த வழியே முடிந்தது. அப்புறம் புயல்கள். ஐம்பத்திரண்டு புயலுக்கு முன்பா பின்பா, எழுபத்தேழு புயலில் இந்தக் கூரை இருந்ததா, அப்போது மூத்த பிள்ளை இடுப்பிலா பள்ளிக்கூடத்திலா என்று கேட்டால் இரண்டு வருட வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். நாகூரில் ஒரு பெரியவரிடம், "நானா, முதல் பயணம் எப்போ?" என்று கேட்டபோது அவருக்குப் பிடிபடவில்லை. "திரும்பி வந்தப்போ கந்தூரியா?" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நாகூர் தர்காவின் கந்தூரித் திருவிழா ஹிஜ்ரி மாதக் கணக்கில் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மழை பெய்ததா, வெயிலா என்று அதோடு சேர்த்துக் கேட்டால் இன்னும் நெருங்கலாம்.

ஒரே கேள்வியை மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். மாறாமல் வருவது கண்ணால் கண்டது. ஒவ்வொரு முறையும் வளர்வது கேள்விப்பட்டது. முழுக்க மனப்பாடமாக வருகிறதென்றால் ஏற்கெனவே யாரோ வந்து பேட்டி எடுத்திருக்கிறார்கள்.

இனி சொல்லப் போவது எனக்கு எழுதவே கஷ்டமானது. 2004 நவம்பரில் கீச்சாங்குப்பத்தில் ஒரு ஆத்தாவைப் பார்த்தேன். அவருடைய மாமனார், நங்கூரம் போட்டு வெளியே நிற்கும் கப்பலுக்கும் கரைக்கும் படகு விட்டவர். இங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆளையும் சாமானையும் படகில்தான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். ஆத்தாவிடம் பதினொரு புகைப்படங்கள் இருந்தன. படகு, துடுப்பு, ஏணியில் ஏறும் பெண்கள், ஒரு படத்தில் வரிசையாக நிற்கும் படகுக்காரர்கள். அப்படிப்பட்ட படங்களை நான் அதுவரை பார்த்ததில்லை. "எடுத்துட்டுப் போ தம்பி, பார்த்துட்டுக் குடு" என்றார். இரவல் வாங்கித் தொலைப்பவர்களைப் பார்த்திருந்ததால், எந்த வீட்டிலிருந்தும் அசலை வெளியே கொண்டுபோவதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை. பெருமையாக மறுத்தேன். ஸ்டூடியோக்காரரை அழைத்து வந்து பொங்கலுக்கு இங்கேயே நகல் எடுக்கிறேன் என்றேன்.

டிசம்பர் 26 காலை கடல் வந்தது. இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கீச்சாங்குப்பமும் அக்கரைப்பேட்டையும் எப்படிக் கிடந்தன என்பதை நான் எழுதத் தேவையில்லை. ஆத்தா பிழைத்திருந்தார். பேத்தி இல்லை. நான் போய் உட்கார்ந்திருந்தேன். படங்களைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அசலைக் கொண்டுபோகாதே என்ற கொள்கை இன்றும் சரிதான். ஆனால் நகலைத் தள்ளிப் போடாதே என்பது அதைவிடப் பெரியது. இன்று கையில் போன் இருக்கிறது. காகிதத்தையோ படத்தையோ உங்கள் முன் வைத்த அந்த நிமிடத்திலேயே, காப்பி ஆறினாலும் பரவாயில்லை, ஜன்னல் ஓரம் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். பின்பக்கத்தில்தான் பெயர் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போனதும் இரண்டு இடத்தில் சேமியுங்கள், ஒன்று உங்கள் ஊரில் இருக்க வேண்டாம். எடுத்த படங்களை அந்த வீட்டுப் பிள்ளைகளின் போனுக்கும் அனுப்புங்கள். அது அவர்கள் சொத்து.

எதை எழுதக்கூடாது என்று சொல்ல ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. தன் முப்பாட்டனார் ஒரு மண்டபத்தைக் கட்டியதாக எழுதினால் அச்சுச் செலவை ஏற்பதாக ஒருவர் வந்தார். மண்டபத்துக் கல்வெட்டு வேறு பெயர் சொல்கிறது என்றேன். "கல்லு பொய் சொல்லாதா?" என்றார். நல்ல கேள்விதான், என்ன செய்வது. பணம் வாங்கவில்லை. என் மனைவிக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

அதைவிடச் சிக்கலானது அடிமை வியாபாரம். 1659-ல் பீஜப்பூர்ப் படை தஞ்சைச் சீமைக்குள் புகுந்து நாசம் செய்தது, பஞ்சம் வந்தது. பசியில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களை டச்சுக் கம்பெனி வாங்கிக் கப்பலேற்றியது. 1659 முதல் 1661 வரை எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை நாகை, பழவேற்காடு முதலிய துறைமுகங்களிலிருந்து இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) மலாக்காவுக்கும் போனதாக ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதி படித்த நண்பர், "துறைமுகம்னா முத்து, பட்டு, குதிரைன்னு எழுதுங்களேன். இது எதுக்கு?" என்றார். நான் அந்தப் பகுதியைக் குறைத்து ஒரு பத்தியாக்கினேன். இரண்டாம் பதிப்பில் அதை நான்கு பக்கமாக்கினேன். முதல் முறை குறைத்ததற்குக் காரணம் சாட்சி போதாமை அல்ல, சங்கடம். சங்கடத்தைச் சாட்சி என்று நான் ஏமாற்றிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் முன்பு நின்ற புதுவெளிக்கோபுரம் என்ற பழைய கோபுரத்தின் விஷயத்தில் இதற்கு நேர்மாறு. அதைப் பற்றி எழுதச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள், ஆளுக்கொரு கதையோடு. கலங்கரை விளக்கம் என்றார் ஒருவர், சீனாக்காரன் கட்டியது என்றார் இன்னொருவர். வெள்ளைக்கார மாலுமிகள் அதைச் சீனப் பகோடா என்று அழைத்தது உண்மை. கடலிலிருந்து கரையை அடையாளம் காண அதைப் பார்த்தார்கள். அது பழைய பௌத்தப் பள்ளியைச் சேர்ந்த செங்கல் கோபுரம். வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1846-ல் பார்த்தபோது மூன்று நிலைகள் எஞ்சியிருந்தன, அதன் படமும் அச்சாகியிருக்கிறது. 1867-ல் சேசு சபையார் அரசாங்க அனுமதி பெற்று இடித்தார்கள். 1856-லிருந்து அந்த இடத்தைச் சுற்றி வெண்கலப் புத்தர் சிலைகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பது வரும். பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நான் முதன்முதலாகப் போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டி முன் அரை மணி நேரம் நின்றேன். காவலர் வந்து "என்ன சார், தெரிஞ்சவங்களா?" என்றார்.

அச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு பிரதி போட்டேன், கைக்காசு. முந்நூறு போதும் என்று இப்போது சொல்வேன். பரணில் வைத்தால் எங்கள் ஊர் உப்புக்காற்றில் ஒரு வருடத்தில் அட்டை பூத்துவிடும். இலவசமாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் படிக்க மாட்டார்கள். கடைசியில் தெருப் பெயர், குளத்துப் பெயர், தொழில் பெயர் எல்லாவற்றுக்கும் பக்க எண்ணோடு ஒரு அகரவரிசைப் பட்டியல் போடுங்கள். கடையில் நின்று பார்த்தால் தெரியும், யாரும் முதல் பக்கத்தைத் திறப்பதில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து தங்கள் தெருவைத் தேடுகிறார்கள். இருந்தால் வாங்குகிறார்கள், இல்லையென்றால் சண்டைக்கு வருகிறார்கள். அந்தச் சண்டையில் கிடைத்த தகவல்களை வைத்துத்தான் இரண்டாவது புத்தகம் எழுதினேன். நீலாயதாட்சி அம்மன் கோயில் ஆடிப்பூரத்தின்போது பத்து நாள் ஒரு மேசை போட்டு விற்றதில் போனது, கடைகளில் ஒரு வருடத்தில் போனதைவிட அதிகம்.

அந்த மேசையில்தான் ஒருவர் கேட்டார்: "இந்த ஊருக்கே மூலப் பத்திரம் எது?" வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குப் பதில் உண்டு.

ராஜராஜ சோழன் தன் 21-ம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஐ ஒட்டி, கடாரத்து அரசன் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அது செப்பேட்டில் வெட்டப்பட்டது. இருபத்தொரு ஏடுகள், வளையத்தோடு முப்பது கிலோ அளவுக்கு எடை. டச்சுக்காரர்கள் காலத்தில் ஹாலந்து போய், லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. வாசகம் முழுக்க எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு வெளியீட்டின் 22-ம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அறிஞர்கள் அதன் வடமொழிப் பகுதியில் உள்ள வம்சாவளியையும், கடாரத்து உறவையும் பேசுவார்கள். எனக்கு வியப்பாக இருந்தது தமிழ்ப் பகுதி. அது அச்சு அசல் ஒரு பத்திரம்! யார் உத்தரவு, யார் எழுதினார், எவ்வளவு நிலம் (தொண்ணூற்றேழு வேலிக்கு மேல்), எவ்வளவு நெல் (8,943 கலத்துக்கு மேல்), கீழெல்லை எது, தென்னெல்லை எது, எந்த வாய்க்கால், எந்த மேடு. பெண் யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டு, சுற்று ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதே சக்குபந்தி. ஆயிரம் வருடம் முன்பு ஒரு எழுத்தர் உட்கார்ந்து, "அந்த மேடு எங்கே இருக்கு?" என்று யாரிடமோ கேட்டிருப்பார்.

ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது புத்தகம் அந்த எல்லைகளை நடந்து பார்ப்பதைப் பற்றியது. சென்ற ஆண்டு தை மாதம் செப்பேட்டு வாசகத்தை அச்செடுத்துக்கொண்டு, பஸ் பிடித்துப் போய் வரப்பில் நின்று, காகிதத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மடையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு விவசாயி மண்வெட்டியை ஊன்றிவிட்டு அருகே வந்தார்.

"நெலம் பாக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. இந்த ஊருக்கு ஒரு பழைய பத்திரம் இருக்கு. எல்லை சரியா இருக்கான்னு பாக்குறேன்."

"யார் பேருக்கு?"

"நாகப்பட்டினத்துல ஒரு பௌத்தப் பள்ளிக்கு."

"எழுதிக் குடுத்தது யாரு?"

"ராஜராஜ சோழன்."

அவர் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி, எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூலப் பத்திரம் எங்க?"

"ஹாலந்துக்குப் போயிடுச்சு."

கொஞ்ச நேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் வில்லங்கம் ஒண்ணு போட்டுப் பாத்துடுங்க" என்றார்.